மருந்து தெளிப்பதற்கு முன்: ஒட்டுண்ணிகளின் சார்பில் ஒரு திறந்த மடல்

அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்குகளைப் பிடித்து வந்து, காப்பகத்தில் வளர்த்து, இனம் பெருக்கி, மறுபடியும் காட்டில் விடும் திட்டங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே பணிபுரியும் கால்நடை மருத்துவர்களுக்கும், அருகிவரும் உயிரினங்களின் பட்டியலைத் தயாரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். ஒரு விலங்கு உங்கள் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேன் மருந்து தெளிக்கிறீர்கள், குடற்புழு மருந்து கொடுக்கிறீர்கள். அதன் உடம்பில் என்னென்ன இருந்தன, அவை வேறு எங்காவது உயிரோடு இருக்கின்றனவா, அவற்றால் அந்த விலங்குக்கு என்னதான் கெடுதல் என்று யாராவது பார்ப்பதற்கு முன்பே எல்லாம் செத்துப் போகின்றன. மருந்தே கொடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதைக் கேட்க ஒரு மடல் எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

கலிபோர்னியா காண்டோர் பறவையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் துறையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை அது. 1987-இல் காட்டில் மிச்சமிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து அடைத்தபோது உலகம் முழுக்க 27 காண்டோர்கள்தான் இருந்தன. இன்று 500-க்கு மேல். கைதட்ட வேண்டிய வேலைதான், நானும் தட்டுகிறேன். ஆனால் அந்தப் பறவையின் மேல் மட்டுமே வாழ்ந்த பேன் ஒன்றும் இருந்தது, கோல்போசெஃபாலம் கலிபோர்னிசி என்று பெயர். பிடித்து வந்த பறவைகளுக்கெல்லாம் பேன் மருந்து போட்டார்கள், அத்தோடு அந்த இனம் முடிந்தது. அந்தப் பேனால் காண்டோருக்குப் பெரிய தீங்கு நேர்ந்தது என்பதற்குச் சான்று ஒன்றும் கிடையாது. வேட்டைக்காரர்கள் சுட்டுப்போட்ட இறைச்சியிலிருந்த ஈயத் துணுக்குகளைத் தின்று செத்துக்கொண்டிருந்த பறவைக்கு, பேனைக் கொன்று வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

ஒரு பேன் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பேனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

புறாவை எடுத்துக்கொள்வோம். புறாவின் சிறகில் வாழும் பேன் ஒல்லியாக, நீளமாக இருக்கும். சிறகிழைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பள்ளத்தில் உடம்பை அப்படியே செருகிக்கொண்டு படுத்துவிடும், புறா அலகால் எத்தனை முறை கோதினாலும் எளிதில் சிக்காது. அதே புறாவின் வயிற்றுப் பக்கம் வாழும் பேன் வேறு இனம், உருண்டையாக இருக்கும். அதற்கு ஒளியும் வழி வேறு, மென்மையான அடியிறகுக்குள் புகுந்துகொள்ளும். இனிப் புறாவின் பக்கம் வாருங்கள். அதன் மேல் அலகின் நுனி கீழ் அலகைத் தாண்டி ஒரு துளி வளைந்து தொங்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அந்த நுனியை மட்டும் வலிக்காமல் நறுக்கிவிட்டுப் பார்த்தார்கள். புறா தின்பதில் ஒரு குறையும் இல்லை, பேன்கள் மட்டும் பெருகிவிட்டன. அதாவது, தீனி தின்ன என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அலகின் நுனி, பேனை நசுக்கவும் என்று செதுக்கப்பட்டிருக்கிறது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் இதே பேன்களை வைத்து இன்னொரு சோதனையும் செய்தார்கள். சாதாரணப் புறாவின் பேன்களைப் பெரிய உடம்புள்ள வளர்ப்புப் புறாக்களின் மேல் விட்டு நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள், பேன் கணக்கில் அது சுமார் 60 தலைமுறை. பேன்களின் உடம்பு பெரிதாகிவிட்டது. வெள்ளைப் புறாக்களில் விட்டவை வெளிறின, கறுப்புப் புறாக்களில் விட்டவை கறுத்தன. நான்கே ஆண்டுகளில், கூண்டுக்குள், கண்ணெதிரே பரிணாமம். ஒரு பேன் இனத்தை அழிக்கும்போது போவது ஒரு பூச்சி மட்டுமல்ல. அந்தப் பறவையின் உடம்பு ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கான பாதி விடையும் போகிறது.

இந்த இழுபறி உடம்பின் வெளியே மட்டும் நடப்பதில்லை. உங்களுக்கு இதைவிட நெருக்கமான ஒரு கவலை உண்டே, மரபணுப் பன்முகத்தன்மை. யாரை யாரோடு சேர்ப்பது என்று வம்சாவளிப் பதிவேடு வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பன்முகத்தன்மையைக் காட்டில் காப்பாற்றி வந்தவர்களில் ஒருவர் ஒட்டுண்ணிதான் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். நியூசிலாந்து ஏரிகளில் ஒரு சின்ன நத்தை இருக்கிறது. அதில் ஆணோடு கூடிக் குட்டி போடும் வகையும் உண்டு, ஆணே இல்லாமல் தன்னைப் போலவே நகல் எடுத்துக்கொண்டு போகும் வகையும் உண்டு. கணக்குப்படி பார்த்தால் நகல் எடுக்கிறவைதான் வேகமாகப் பெருகி மற்றவற்றை விரட்டியிருக்க வேண்டும். ஆனால் நத்தையை மலடாக்கும் தட்டைப்புழு அதிகமுள்ள இடங்களில்தான் ஆண்கள் அதிகம் இருக்கின்றன என்று உயிரியலாளர் கர்ட்டிஸ் லைவ்லி 1987-இல் காட்டினார். எந்த நகல் வகை பெருகி எங்கும் நிறைகிறதோ அதையே புழுவும் குறிவைக்கப் பழகிக்கொள்கிறது, அதனால் அபூர்வமாக இருப்பவன் பிழைக்கிறான், நாளைக்கு அவன் பெருகியதும் அவனுக்கும் அதே கதிதான்.

2011-இல் இதை ஆய்வகத்தில் இன்னும் பச்சையாகக் காட்டினார்கள். சி. எலிகன்ஸ் என்ற மிகச் சிறிய உருளைப்புழுவில், தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ள மட்டுமே முடிகிற கூட்டத்தை, கூடவே மாறிக்கொண்டு வரும் ஒரு நோய்க் கிருமியோடு வளர்த்தார்கள். 20 தலைமுறைக்குள் அந்தக் கூட்டங்கள் அழிந்துபோயின. வேறொன்றோடு கூடி மரபணுக்களைக் கலக்கிக்கொண்டவை பிழைத்தன. கிருமியே இல்லாத இடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது, சிக்கலே அதுதான். காப்பகத்துக்குள் பல தலைமுறைகள் ஒட்டுண்ணியின் வாடையே இல்லாமல் வளர்கிற விலங்குக் கூட்டத்தில் எதிர்ப்பு மரபணுக்கள் எவை கரைந்துபோகின்றன என்பது வெளியே விட்ட பிறகுதான் தெரியவரும்.

சரி, இங்கே என்னை மடக்கலாம். "பழகிப் பழகி ஒட்டுண்ணிகள் சாதுவாகிவிடும், நல்ல ஒட்டுண்ணி தன் வீட்டை இடிக்காது என்று சொல்ல வருகிறீர்களா?" என்று. இல்லை. அந்தப் பழைய நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் முயல்களைக் கொல்ல 1950-இல் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். ஆரம்பத்தில் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் செத்தன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கொஞ்சம் மந்தமான வகைகள் முன்னுக்கு வந்தன, வைரஸ் ஆய்வாளர் ஃப்ராங்க் ஃபென்னர் அதை வருடா வருடம் சோதித்து எழுதி வைத்தார். ஆனால் அந்த மந்தமான வகைகளும் 70 முதல் 95 சதவீதம் முயல்களைக் கொன்றவைதான், சாது என்று யாரும் சொல்ல முடியாது. காரணம் எளிது. வைரஸைக் கொசு கொண்டுபோக வேண்டும். முயல் சீக்கிரம் செத்தால் கொசுவுக்கு நேரம் போதாது, சீக்கிரம் குணமாகிவிட்டாலும் போதாது, நடுவில் எங்கோ ஒரு கொடுமையில்தான் வைரஸுக்கு லாபம். முயல்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஏரிப் பகுதியில் ஏழு கொள்ளைநோய் அலைகளுக்குள், ஒரே வகை வைரஸால் சாகும் முயல்களின் பங்கு 90 சதவீதத்திலிருந்து கால்வாசி அளவுக்கு இறங்கியது. அதற்குப் பதிலாக வைரஸ் பின்னாட்களில் மறுபடியும் கொடிய வகைகளைப் பெற்றெடுத்தது. இரண்டு பக்கமும் மாறிக்கொண்டே இருக்கிறது, சமாதான ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்தாகவில்லை.

இதில் உங்களுக்கு நேரடியாக உதவுகிற பாடம் ஒன்று இருக்கிறது. ஓர் ஒட்டுண்ணி எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பது அது எப்படிப் பரவுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. தாயிடமிருந்து குஞ்சுக்குக் கூட்டில் ஒட்டிக்கொள்ளும் பேனுக்குத் தாய் செத்தால் அதற்கும் நாளை கிடையாது. தண்ணீரிலோ கொசுவிலோ யாரிடமிருந்து யாருக்கும் தாவக்கூடியதற்கு அந்தக் கவலை குறைவு. நெருக்கமாக அடைத்து வைக்கும் கூண்டு, அடிக்கடி விலங்குகளை இடம் மாற்றுவது, பக்கத்துக் கூண்டில் வேறொரு கண்டத்து உறவினம், இவையெல்லாம் தாவுகிற வகைகளுக்குத்தான் வசதி. ஆக பயப்பட வேண்டியது அந்த விலங்கோடு லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்துவந்த சொந்தப் பேனுக்கா, நேற்று எங்கிருந்தோ வந்து சேர்ந்த புதுக் கிருமிக்கா?

புதிதாக வந்து சேர்ந்தவை என்ன செய்யும் என்பதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்துமஸ் தீவில் மட்டும் இருந்த எலி இனம், கப்பலில் வந்த கறுப்பெலிகளும் அவற்றின் தெள்ளுகளும் கொண்டுவந்த ட்ரிப்பனோசோம் என்ற ரத்த ஒட்டுண்ணி தொற்றியதோடு 1900-களின் தொடக்கத்தில் மறைந்தது. ஹவாய்த் தீவுகளின் தேன்பறவைகளைப் பறவை மலேரியா மலை உச்சிக்கு விரட்டியிருக்கிறது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் 500-க்கும் மேற்பட்ட தவளை, தேரை, சாலமாண்டர் இனங்கள் சரிந்தன, அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டன என்று 2019-இல் கணக்கிட்டார்கள். இவற்றுக்கு எதிராக நீங்கள் தடுப்பூசி போடுங்கள், தனிமைப்படுத்துங்கள், மருந்தை வாரி இறையுங்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கருங்கால் மரநாய்க் கூட்டத்தை நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸ் என்ன பாடு படுத்தியது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் இந்தப் பயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் எல்லா ஒட்டுண்ணிகள் மேலும் இறக்குவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

அப்படியானால் கினிப்புழுவையும் காப்பாற்ற வேண்டுமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். வேண்டாம். 1986-இல் சுமார் 35 லட்சம் பேரின் காலில் கொப்புளம் போட்டு வெளியே வந்துகொண்டிருந்த புழு, 2023-இல் உலகம் முழுக்க 14 பேரிடம் மட்டுமே இருந்தது. போகட்டும், நிம்மதியாகப் போகட்டும். நான் பேசுவது மனிதனையோ கால்நடையையோ வதைக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி அல்ல, மருந்து போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலே ஒழிக்கப்படுகிறவற்றைப் பற்றி.

நியாயமாக இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், பழி முழுக்க உங்கள் மேல் இல்லை. நியூசிலாந்தின் பறக்காத கிளி ககாப்போவின் பழைய எச்சங்களை, நூற்றாண்டுகள் பழமையானவை உட்பட, எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். முன்பு அதனோடு இருந்த ஒட்டுண்ணி வகைகளில் 80 சதவீதத்துக்கு மேல் இன்றைய கிளிகளில் காணோம் என்று 2025-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அவற்றில் பாதிக்கு மேல், 1990-களில் முழுமையான பராமரிப்பு தொடங்குவதற்கு முன்பே தொலைந்துவிட்டவை. ஓம்புயிர், அதாவது ஒட்டுண்ணிக்கு வீடாக இருக்கும் விலங்கு, குறையக் குறைய, கடைசி விலங்கு சாகும்வரை ஒட்டுண்ணி காத்திருப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாத அளவுக்கு எண்ணிக்கை இறங்கியதுமே அதன் கதை முடிந்துவிடும். அதிலும் நத்தை, மீன், பறவை என்று மூன்று வீடு மாறினால்தான் வாழ்க்கை முடியும் என்கிற வகைகளுக்கு எங்கே ஒரு வீடு இடிந்தாலும் போச்சு. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்து அருங்காட்சியகப் பாட்டில்களில் போட்டு வைத்திருந்த மீன்களைத் திறந்து, செல்சி வுட் குழுவினர் ஒட்டுண்ணிகளை எண்ணினார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஓம்புயிர்கள் தேவைப்படும் வகைகள் பத்தாண்டுக்கு சராசரியாக 10.9 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. கடல்நீர் சூடாவதோடு இந்தச் சரிவு ஒத்துப்போகிறது. யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க ஆளும் இல்லை.

குறைந்தால் நல்லதுதானே என்பவர்களுக்கு ஜப்பானின் மலை ஓடைகளைச் சொல்வேன். அங்கே சிள்வண்டு வகைப் பூச்சிகளின் வயிற்றுக்குள் குதிரைமயிர்ப் புழு வளர்கிறது. முதிர்ந்ததும் பூச்சியின் போக்கையே மாற்றி, நீந்தத் தெரியாத அதை ஓடையில் குதிக்க வைக்கிறது. பூச்சி தண்ணீரில் தத்தளிக்கும்போதே அதன் பின்புறத்திலிருந்து, அதன் உடம்பைவிடப் பல மடங்கு நீளமான மெல்லிய புழு நெளிந்து நெளிந்து வெளியே வரும். பார்க்கச் சகிக்காது, ஒத்துக்கொள்கிறேன். அப்படி விழும் பூச்சிகளை ஓடை மீன் தின்கிறது. அழியும் நிலையில் உள்ள ஒரு மீன் வகை ஓர் ஆண்டில் பெறும் ஆற்றலில் சுமார் 60 சதவீதம் இந்த வழியாக வருகிறது என்று தகுயா சாத்தோ குழுவினர் 2011-இல் கணக்கிட்டார்கள். பூச்சிகள் விழாமல் ஓடையை மறைத்துப் பார்த்தபோது, மீன்கள் ஓடைக்குள் இருந்த சிற்றுயிர்களைத் தின்னத் தொடங்கின, அவை குறைந்ததால் பாசி கூடியது, இலை மக்குவது மந்தமானது. அந்த மீனைக் காப்பாற்றப் போகிறவர் புழுவை விட்டுவிட்டு எதைக் காப்பாற்றுவார் என்று எனக்குப் புரியவில்லை. கலிபோர்னியாவின் உப்புச் சதுப்பில் கில்லிஃபிஷ் என்ற சிறுமீனின் மூளை மேல் போய் உட்காரும் தட்டைப்புழுவும் இதே ரகம்தான். மீனைத் துடிக்க வைத்து, வயிற்றின் வெள்ளையைக் காட்ட வைத்து, பறவையின் வாயில் சிக்கும் வாய்ப்பை 10 முதல் 30 மடங்கு கூட்டிவிடுகிறது. பறவைக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று பாருங்கள்.

பட்டியல் தயாரிக்கிறவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். அறியப்பட்ட விலங்கினங்களில் சுமார் 40 சதவீதம் ஒட்டுண்ணிகள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 1,60,000-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் மதிப்பிடப்பட்டிருக்கின்றன. அதில் ஒட்டுண்ணி விலங்குகள் எத்தனை என்று தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று அசாமின் குள்ளப்பன்றியின் மேல் மட்டும் வாழும் பேன். அந்தப் பன்றிக்கு என்ன ஆபத்தோ அதே ஆபத்து அதற்கும், கூடவே மருந்து டப்பாவின் ஆபத்து வேறு. ஒரே ஒரு ஓம்புயிரில் மட்டும் வாழும் ஒட்டுண்ணி, அந்த ஓம்புயிர் பட்டியலில் ஏறும் நாளிலேயே தானாகப் பட்டியலில் ஏற வேண்டாமா? தனியாக ஆய்வு செய்து, ஆள் கிடைத்து, பணம் கிடைத்து ஏறுவதற்குள் இரண்டுமே இருக்காது. 2070-க்குள் ஒட்டுண்ணி இனங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அழியக்கூடும் என்று 2017-இலேயே எச்சரித்துவிட்டார்கள்.

போனால் போகிறது, படம் எடுத்து வைத்துக்கொள்வோம் என்றால் அதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. ஒட்டுண்ணியின் மரபணுவில் ஓம்புயிரின் வரலாறு இருக்கிறது, சில சமயம் ஓம்புயிரின் மரபணுவில் இருப்பதைவிடத் தெளிவாக. ரைட் திமிங்கிலங்களின் மேல் ஒட்டி வாழும் 'திமிங்கிலப் பேன்களை' (பேன் இல்லை, நண்டு, இறால் வகையறாவைச் சேர்ந்த சிற்றுயிர்கள்) ஆராய்ந்துதான், அந்தத் திமிங்கிலங்கள் சுமார் 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மூன்று இனங்களாகப் பிரிந்தன என்பதை உறுதி செய்தார்கள். அது மட்டுமா, 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தெற்கிலிருந்து ஒரு திமிங்கிலமாவது பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே போயிருக்கிறது என்பதும் அந்தச் சிற்றுயிர்கள் சொல்லித்தான் தெரிந்தது. செத்துப்போன காண்டோர் பேனிடம் இப்படி என்ன இருந்தது என்று கேட்க இனி வழியில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றும் பெரிய செலவு வைக்கிற சங்கதி அல்ல. விலங்கு வந்த அன்று, மருந்துக்கு முன், இறகையும் ரோமத்தையும் சீவி, சாணத்தைக் கொஞ்சம் எடுத்து, அடர்த்தியான எத்தனாலில் போட்டு, எந்த விலங்கிலிருந்து எப்போது எடுத்தது என்று சீட்டு ஒட்டி ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். கிடைத்தது பல விலங்குகளில் வாழும் பொதுவான வகையா, இந்த விலங்கில் மட்டும் வாழ்வதா என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். இந்த விலங்குக்கே உரியது என்றால், விலங்கு நோஞ்சானாக இல்லாத பட்சத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து போடாமல் ஓரிரு ஆரோக்கியமான விலங்குகளையாவது விட்டுவையுங்கள். ஒட்டுண்ணியின் எண்ணிக்கை கூடினால் அப்புறம் மருந்து கொடுத்துக்கொள்ளலாம், அழிந்துவிட்டால் கொண்டுவர முடியாது. காட்டில் விடும்போது குடற்புழு இல்லை என்று சான்றிதழ் எழுதும் அதே தாளில், எவற்றைத் தெரிந்தே நீக்கினீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். இருபது பறவைகளை வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாமல் தவிக்கிற மருத்துவரிடம் ஒரு பறவையைக்கூடப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். அந்த முடிவு அவருடையதுதான், ஆனால் என்ன இருக்கிறது என்று தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

கடைசியாக, காண்டாமிருகங்களை இடம் மாற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். காண்டாமிருகத்தின் இரைப்பைக்குள் புழுவாக வளர்ந்து, சாணத்தோடு வெளியே வந்து, மண்ணில் கூட்டுப்புழுவாகி, வெளிவந்த பின் வாய்வைத்து எதையும் தின்னாமல் சில நாட்களே வாழும் ஒரு ஈ இருக்கிறது, கைரோஸ்டிக்மா. ஆப்பிரிக்காவிலேயே பெரிய ஈ அதுதான். சுமத்ரா காண்டாமிருகத்தில் அதற்கு ஓர் உறவினம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அடைத்து வைத்த விலங்குகளிடமிருந்து கிடைத்த புழுக்கள்தான் அதற்கு இருக்கும் ஆதாரம், வளர்ந்த ஈயை அறிவியலாளர் யாரும் பார்த்ததே இல்லை. ஆப்பிரிக்காவில் மிச்சமிருக்கும் ஈயாவது அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, அடுத்த முறை ஒரு காண்டாமிருகத்தைப் புதிய சரணாலயத்துக்கு ஏற்றும்போது, குடற்புழு மருந்து உண்மையிலேயே தேவைதானா என்று அந்தப் பயணத்தின் திட்ட அறிக்கையில் ஒரு கேள்வியாகவாவது சேர்த்துவிடுங்கள். பதில் 'தேவை' என்று வந்தாலும் எனக்கு வருத்தமில்லை, யாராவது கேட்டிருக்கிறார்கள் என்றால் போதும்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படிப்பதை விடமுடியாத ஒருவர்